கல்லாவுக்குப் பூட்டு உண்டு, க்யூ.ஆர். அட்டைக்கு?



கல்லாச் சாவியை நாம் யாரிடமும் கொடுப்பதில்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே உள்ளே போடுகிறோம். 2016-ல் யு.பி.ஐ. வந்தபின், கடை வாசலில் ஒட்டிய ஓர் அட்டையும் நமக்குக் கல்லாவாகிவிட்டது. இந்தக் கல்லாவுக்கு நாம் வைத்திருக்கும் காவல் என்ன?

மளிகையில் நிற்கும் லாபம் சொற்பம். நூற்றுக்கு 5 ரூபாய் நிற்கும் வியாபாரத்தில் 2,000 ரூபாய் பறிபோனால், அதை ஈடுகட்ட 40,000 ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும்.

அட்டை நம்முடையதுதானா?

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், இரவோடு இரவாகப் பல கடைகளின் க்யூ.ஆர். அட்டைகள் மீது மோசடிக்காரர்கள் வேறு அட்டைகளை ஒட்டிவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் செலுத்திய பணம் வேறு கணக்குக்குப் போயிற்று. தினமும் கடை திறந்தவுடன் அட்டையை நம் செல்போனில் ஸ்கேன் செய்து, வரும் பெயர் நம்முடையதா என்று பார்த்துவிட வேண்டும். இரவில் அட்டையை உள்ளே எடுத்து வைப்பது நல்லது. பகலில் ஒலிப்பெட்டி வழக்கத்துக்கு மாறாக மௌனமாக இருந்தாலும் உடனே அட்டையைப் பாருங்கள்.

திரையில் தெரிவது வரவு அல்ல

பணம் போனதாகப் பச்சை டிக் காட்டும் போலிச் செயலிகள் உலவுகின்றன. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவோரும் உண்டு. வங்கி அனுப்பியது போன்ற பொய்க் குறுஞ்செய்தியும் வரும். வாங்குபவர் காட்டும் திரை அவர் சொல்லும் வாய்ச்சொல்லுக்குச் சமம். நம் செயலியில், நம் கணக்கில் ஏறியதே வரவு. "ஒரு நிமிஷம் சார், பணம் ஏறிடுச்சான்னு பார்த்துடறேன்" என்று சொல்லக் கடைப் பையன்களைப் பழக்குங்கள். தராசு முள்ளைப் பார்த்து வாங்கும் வாடிக்கையாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மொத்த வியாபாரிகளுக்கு

ராணுவ முகாமுக்குச் சரக்கு வேண்டும் என்று போனில் ஆர்டர் கொடுத்து, "இதை ஸ்கேன் செய்து பின் எண் போடுங்கள், பணம் வரும்" என்பது பழகிப்போன மோசடி. பணம் பெறுவதற்குப் பின் எண்ணோ ஓ.டி.பி.யோ தேவையே இல்லை. அவற்றைக் கேட்டால், நம் பணம் வெளியே போகப்போகிறது என்று பொருள். அதேபோல், கொள்முதல் செய்யும் இடத்திலிருந்து "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று தகவல் வந்தால், நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் பேசி உறுதி செய்யாமல் பணம் அனுப்பக் கூடாது.

ரொக்கம் மாற்றித் தராதீர்கள்

"10,000 ரூபாய் அனுப்புகிறேன், ரொக்கமாகக் கொடுங்கள்" என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம். போலீசில் புகார் பதிவானால், பணம் போன வழியில் உள்ள கணக்குகளை வங்கிகள் முடக்குகின்றன. கணக்கு முடங்கினால் சரக்குக்குக் கொடுத்த காசோலையும் திரும்பும். ஆகவே க்யூ.ஆர். வரவுக்குத் தனிக் கணக்கு வைத்து, அவ்வப்போது பணத்தைப் பிரதான கணக்குக்கு மாற்றுங்கள். பில் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள்; விளக்கம் கேட்டால் அவையே நமக்குச் சாட்சி.

ஏமாந்துவிட்டால்

உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் நிறுத்தினால்தான் மீட்க வழியுண்டு. வங்கியின் மீதும் நம் மீதும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று 2017 ஜூலை 6-ம் தேதி ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை கூறியது. நாமே பின் எண்ணைச் சொல்லிக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் நஷ்டம் நம்முடையது என்றும் அதுவே சொன்னது.

கௌரவம் போகும் என்று மறைப்பவர்களால்தான், ஒரு கடையில் ஏமாற்றியவன் மறுநாள் அடுத்த கடைக்குத் துணிந்து போகிறான். நடந்ததைப் பக்கத்துக் கடைக்காரரிடமும் சங்கத்திலும் சொல்லுங்கள். நமக்கு நாமே காவல்.