தேனீயின் வீட்டுக்கு ஒரு போர்வை

மண்சுவர் எழுப்பிப் பனையோலை வேய்ந்து நம் முன்னோர் வாழ்ந்த வீடுகள் சித்திரை வெயிலில் குளிர்ச்சியும் மார்கழிப் பனியில் இளஞ்சூடும் தந்தன. அவ்வீட்டின் பருமனான சுவரும் கூரையும் செய்த உபகாரம் அது. மனிதர்க்குப் பொருந்தும் இவ்வுண்மை தேனீக்கும் பொருந்தும் என்பதை மேலைநாட்டுத் தேனீ வளர்ப்போர் பலர் இன்று மீண்டும் உணரத் தலைப்பட்டுள்ளனர்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலம் தேனீக் குடும்பத்துக்குச் சோதனைக் காலமாகும். அப்போது மலர்கள் இல்லை. வெளியே பறத்தலும் இயலாது. வெப்பநிலை ஏறத்தாழ 10 செல்சியஸ் பாகைக்குக் கீழே சென்றால் தனித்த தேனீ விறைத்து அசைவற்றுப் போகும். ஆகவே ஆயிரக்கணக்கான தேனீக்கள் இராணியை நடுவில் வைத்துப் பந்துபோல் திரளுகின்றன. சிறகை அசையாது வைத்து, பறத்தற்குரிய தசைகளை மாத்திரம் நடுங்கச் செய்து வெப்பம் உண்டாக்குகின்றன. இவ்வடுப்புக்கு விறகு, கோடையிற் சேர்த்த தேனே. தேன் தீர்ந்துவிட்டாலோ, தேன் இருந்தும் கடுங்குளிரில் நகர்ந்து அதனை எட்ட இயலாவிட்டாலோ குடும்பம் முழுவதும் மடியும்.

இயற்கையில் இத்தேனீக்கள் மரப்பொந்துகளிலே குடியிருப்பன. அமெரிக்காவில் தோமஸ் சீலி, ரோஜர் மோர்ஸ் என்னும் அறிஞர் இருவர் இத்தகைய பொந்துகளை அறுத்து அளந்து, தம் முடிபுகளை 1976ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பொந்தின் கொள்ளளவு பெரும்பாலும் 45 இலீற்றர் அளவினது. வாயில் மிகச் சிறிது. சுற்றிலும் கனத்த மரம். முற்கால ஆங்கிலேயர் தம் தேனீக்களை வைக்கோற் கூடைகளில் வளர்த்தபோது, அவற்றின்மேல் மண்ணும் சாணமும் கலந்து பூசினர். நம் வீட்டுத் திண்ணையை மெழுகிய கைகளுக்கு இது புதிய செய்தியன்று.

பின்னர் வந்தது பலகைப் பெட்டி. லாங்ஸ்ட்ரொத் என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1851ஆம் ஆண்டில் ஓர் உண்மையைக் கண்டார். வதைச் சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே 6 முதல் 9 மில்லிமீற்றர் வரை இடைவெளி விட்டால், தேனீக்கள் அதனை அடைத்துவிடாமல் நடைபாதையாகக் கொள்ளும் என்பதே அது. வதையை அழிக்காது சட்டத்தை எடுத்துத் தேன் பெறும் வழி இதனாற் பிறந்தது. அவர் செய்த நன்மை பெரிது. ஆயினும் இன்று பெருவழக்காயுள்ள பெட்டிகளின் பலகை 2 சதமீற்றர் பருமன்தானும் உடையதன்று. தூக்குவோர்க்கும் செய்வோர்க்கும் அது வசதி. உள்ளே வாழ்வோர்க்கோ மெல்லிய சட்டையுடன் பனியில் நிற்கும் நிலை.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டெரெக் மிட்செல் என்னும் ஆய்வாளர் இதனைக் கணக்கிட்டு 2016ஆம் ஆண்டில் எழுதினார். வழக்கிலுள்ள பெட்டிகளில் வெப்பம் வெளியேறும் வேகம், மரப்பொந்தில் உள்ளதைப் போல் நான்கு முதல் ஏழு மடங்கு என்பது அவர் கண்ட முடிபு. 2023ஆம் ஆண்டில் அவர் மேலும் ஒருபடி சென்றார். தேனீப் பந்தின் புறத்தே நெருங்கி நிற்கும் தேனீக்கள் உள்ளிருப்பவற்றுக்குப் போர்வையாகின்றன என்பது நெடுங்காலக் கொள்கை. அவை போர்வையல்ல, குளிரின் துன்பத்தால் நெருக்கியடித்து நிற்பவை, அந்நெருக்கத்தின் ஊடாகவே வெப்பம் கடந்து செல்கிறது என்று அவர் வாதிக்கிறார். இதனை எல்லோரும் ஒப்புக்கொண்டார் அல்லர். எனினும், தேனீக்குக் குளிர் ஒரு பொருட்டன்று என மாணவர்க்குக் கூறிவந்த நாமும் நம் பாடத்தைத் திருத்திக்கொள்ளவேண்டியதாயிற்று.

பரிகாரம் எளிது. வெப்பம் எளிதிற் கடவாத பொருளை வெப்பக் காவலி என்பர். நம்மவர் ரெஜிபோம் என வழங்கும் வெண்பொருள் அத்தகையது. பின்லாந்தில் அவ்வினப் பொருளாற் செய்த பெட்டிகளே பெரிதும் வழங்குகின்றன. கனடாவில் பெட்டிகளுக்குக் குளிர்காலப் போர்வை சுற்றுவர். யாவற்றினும் முதன்மையாகக் காக்கவேண்டியது கூரையே. தேனீக்களின் மூச்சிலிருந்து எழும் ஈரக்காற்று மேலே சென்று குளிர்ந்த மூடியிற் பட்டால் நீர்த்துளியாகி அவற்றின்மேலேயே சொட்டும். நனைந்த தேனீ குளிரைத் தாங்காது. மூடி சூடாயிருப்பின் நீர் பக்கச் சுவர்களில் வழிந்து போகும்.

இக்காவல் குளிர்காலத்துக்கு மாத்திரம் உரியதன்று. இளம்புழுக்கள் வளரும் வதை 34, 35 பாகை வெப்பத்தில் இருத்தல் வேண்டும். இளவேனிலில் இவ்வெப்பத்தைக் காக்கும் வேலை குறையுமாயின், மிகுதியான தேனீக்கள் மலரை நாடிச் செல்லலாம். கோடையிலோ அதே சுவர் வெயிலைத் தடுக்கும். நீர் கொணர்ந்து தெளித்துச் சிறகால் விசிறும் உழைப்பும் குறையும்.

ஆயினும் காவலியொன்றே மருந்தாகிவிடாது. உண்ணித் தொல்லையும் உணவுக் குறைவும் உள்ள குடும்பத்தைத் தடித்த சுவர் காப்பாற்றமாட்டாது. நோயாளிக்குப் போர்வையும் வேண்டும்; மருந்தும் கஞ்சியும் வேண்டும்.

நம் நாட்டுத் தேனீ வேறு இனம். அதுவும் பொந்திலே வாழ்வது. நம் சமவெளியிற் பகைவன் பனியன்று, வெயிலே. வெயில் மிகின் வதை இளகி அறுந்து விழும். குடும்பம் பெட்டியை விட்டு ஓடிவிடும். மண்பானையில் தேனீ வளர்த்த வழக்கம் இந்நாட்டில் உண்டு. இன்று பெட்டி வைப்போர் அதனை மரநிழலில் வைத்து, மூடியின்மேல் கிடுகு ஒன்றைப் பரப்பினாலே பெரும் பயன் காண்பர்.

தேனீயிடமிருந்து தேனைப் பெறுகிறோம். நம் தோட்டத்துக் காயும் கனியும் அதன் உழைப்பாற் பெருகுகின்றன. இத்தனையும் தருவதற்கு நாம் கொடுப்பது ஒரு வீடே. அவ்வீடு நம் வசதிக்கு ஏற்றதா என்று மட்டும் பாராது, அதில் வாழ்வதற்கு ஏற்றதா என்றும் பார்ப்பது நம் கடமையன்றோ?