கைக்கு அடக்கமா ஒரு செயின்சா: ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி, ஆன் பண்றதுக்கு முன்னாடி

இன்னைக்கு எபிசோடு மினி செயின்சா பத்தி. பேட்டரியில ஓடுற, ஒரு கையில பிடிக்கிற அளவுக்குச் சின்னதா இருக்கிற மரம் அறுக்குற மெஷின். ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. ஒருத்தர் ஒரு கையால மெஷினைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கிளையைப் பிடிச்சுக்கிட்டு, கேக் வெட்டுற மாதிரி வெட்டிக்கிட்டே போவாரு. அந்த வீடியோவுல இருக்கிற பெரிய பிரச்சினை என்னன்னு எபிசோடு முடியுறதுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சிடும்.

இப்படி ஒரு மெஷின் வேணும்னு தோணுறது நியாயம்தான். 2016 டிசம்பர் 12 அன்னைக்கு வர்தா புயல் சென்னையைக் கடந்தப்போ தெருவுக்குத் தெரு மரம் விழுந்து கிடந்தது. 2018 நவம்பர் 16 அன்னைக்கு கஜா அடிச்சப்போ டெல்டா மாவட்டங்கள்ல தென்னந்தோப்புகளே சாய்ஞ்சு போச்சு. அந்த நேரத்துல அறுக்க ஆள் கிடைக்காது. அதனால வீட்டுல ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாம்னு நினைக்கிறோம்.

ஆனா நம்மள்ல நிறைய பேர் எப்படி வாங்குறோம்? சென்னையிலயோ பெங்களூருலயோ உட்கார்ந்துக்கிட்டு ஆர்டர் போடுறோம். டெலிவரி அட்ரஸ் ஊர் வீடு. பெட்டியைப் பிரிக்கிறது அப்பா. மேனுவல்ல இருக்கிற இங்கிலீஷ் எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கும். அவர் லுங்கியும் செருப்புமா முருங்கை மரத்துக்கிட்ட போயிடுவாரு. அதனால உங்களுக்குப் புரியறதோட நிறுத்தாம, போன்ல அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைக்கிற அளவுக்கு இந்த விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

முதல் கேள்வி: இது தேவையா?

மணிக்கட்டு தடிமன்ல இருக்கிற முருங்கை, கொய்யா கிளைக்கு ஒரு நல்ல மடக்கு ரம்பம் போதும். விலை குறைவு, சார்ஜ் வேண்டாம், கையை எடுத்தா நின்னுடும். வருஷத்துக்கு ரெண்டு தடவை கவாத்து பண்றவங்களுக்கு அதுவே சரி.

அதுக்கு மேல வேலை இருந்தா, கைடு பார் நீளத்தைப் பாருங்க. செயின் சுத்தி ஓடுற அந்த நீட்டுத் தகடுதான் கைடு பார். மினி மாடல்கள் 4, 6, 8 அங்குலத்துல வருது. அறுக்கப்போற கட்டையை விட பார் ரெண்டு அங்குலமாவது நீளமா இருக்கணும்ங்கிறது ஒரு நல்ல கணக்கு. அப்படிப் பார்த்தா 6 அங்குல மெஷினால சௌகரியமா அறுக்க முடியுறது 4 அங்குலக் கிளை. தென்னை அடிமரம், வேப்ப மரம் எல்லாம் இதோட எல்லையில வராது. தென்னை வெளிப்பக்கம் ரொம்ப கெட்டி, சின்ன செயினைச் சீக்கிரம் மழுங்கடிச்சிடும். நிக்கிற மரத்தைச் சாய்க்கிறது தனித் தொழில், அதுக்கு அந்தத் தொழில் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க.

ஸ்பெக் ஷீட்டை எப்படிப் படிக்கிறது?

இஞ்சினியரிங் படிச்சதுக்கு இங்கதான் கொஞ்சம் பிரயோஜனம். ஆன்லைன்ல '48வி', '88விஎஃப்'னு பெரிய பெரிய நம்பர் போட்டிருப்பாங்க. விஎஃப்ங்கிறது வோல்டேஜே இல்ல, பார்க்க வோல்ட் மாதிரி இருக்கிற ஒரு விற்பனை எழுத்து. பேட்டரிக்குள்ள எத்தனை லித்தியம்-அயான் செல் வரிசையா இருக்குன்னு பாருங்க. ஒரு செல் சராசரியா 3.6 வோல்ட். அஞ்சு செல் வரிசையா இருந்தா 18 வோல்ட். ஃபுல் சார்ஜ்ல செல்லுக்கு 4.2 வரும், அதைப் பெருக்கினா 21. '18 வோல்ட்', '21 வோல்ட் மேக்ஸ்'னு ரெண்டு கடையில விக்கிறது பெரும்பாலும் ஒரே அஞ்சு செல் பேக்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு உதாரணம். 1926-ல ஜெர்மனியில தொடங்கின ஸ்டில் கம்பெனி செயின்சாவுக்குன்னே பேர் போனது. அவங்களோட ஜிடிஏ 26 ஒரு மினி மாடல். 10 சென்டிமீட்டர் பார், பேட்டரி வெறும் 10.8 வோல்ட். அதை வெச்சே கவாத்து வேலை நல்லா நடக்குது. அப்போ 88-ங்கிற எண்ணைப் பார்த்து அசந்து போக வேண்டியதில்ல.

நீங்க பார்க்க வேண்டியது வாட்-அவர். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்க. 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர்னா 36 வாட்-அவர். அறுக்கும்போது மோட்டார் 400 வாட் இழுக்குதுன்னு வெச்சுக்கோங்க. 36-ஐ 400-ஆல வகுத்தா 0.09 மணி நேரம், அதாவது அஞ்சரை நிமிஷத்துக்கும் குறைவு. விட்டு விட்டு அறுக்கிறதால நிஜத்துல நேரம் நீளும். ஆனாலும் 'ஒரு நாள் முழுக்க ஓடும்'னு எழுதியிருந்தா இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

அடுத்து, கீழே சொல்றது நாலும் இருக்கான்னு பாருங்க:

- ட்ரிக்கர் லாக். ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினாத்தான் ஓடணும். தவறுதலா விரல் பட்டு ஓடக்கூடாது.
- செயினுக்கு மேல மூடுற மாதிரி ஒரு கார்டு.
- ரெண்டு கையாலயும் பிடிக்கிறதுக்கு இடம்.
- நம்ம ஊர்ல சர்வீஸ், மாத்துறதுக்குச் செயின், பார். செயின் கிடைக்காத மெஷின் ஆறு மாசத்துல பரண்ல ஏறிடும்.

பெரிய செயின்சாக்கள்ல செயின் பிரேக்னு ஒண்ணு இருக்கும். மெஷின் திடீர்னு எகிறினா அதுவே செயினை நிறுத்தும். பல மினி மாடல்கள்ல இது கிடையாது. 8 அங்குலத்துக்கு மேல போறீங்கன்னா பிரேக் இல்லாத மெஷினை வாங்காதீங்க.

இதை மட்டும் வாங்கவே வாங்காதீங்க

ஆங்கிள் கிரைண்டர்ல மாட்டுற செயின்சா அட்டாச்மென்ட். 'வீட்டுல கிரைண்டர் இருக்கே, இதை மட்டும் வாங்கினா போதும்'னு தோணும். கணக்கு போடுவோம். கிரைண்டர் நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுத்து சுத்தும். ஆறு பல் ஸ்ப்ராக்கெட், பெரிய செயின்சாக்கள்ல வர்ற 3/8 பிட்ச் செயின்னா ஒரு சுத்துக்கு நாலரை அங்குலம் செயின் நகரும். விநாடிக்கு கிட்டத்தட்ட 21 மீட்டர், அதாவது மணிக்கு 75 கிலோமீட்டர். காட்டுல மரம் அறுக்குற பெட்ரோல் மெஷினோட வேகம் இது. ஆனா இதுல செயின் பிரேக் இல்ல. பல கிரைண்டர்கள்ல சுவிட்ச் ஆன்லயே நின்னுடும், கையை விட்டாலும் ஓடிக்கிட்டே இருக்கும். கிரைண்டர்ல டிஸ்க் மாதிரி மாட்டுற பல் வெச்ச சக்கரத்துக்கும் இதே பதில்தான்.

கிக்பேக்: ஏன் எகிறுது?

செயின் பாரோட மேல்பக்கம் முன்னால போய், மூக்குல திரும்பி, கீழ்பக்கம் உங்களை நோக்கி வருது. கீழ்பக்கத்தால அறுத்தா மெஷின் மரத்தை நோக்கி இழுக்கும். மேல்பக்கத்தால அறுத்தா உங்களை நோக்கித் தள்ளும். இது ரெண்டையும் கையால சமாளிக்கலாம்.

மூக்கோட மேல் கால்பகுதிதான் ஆபத்தான இடம். அங்க பல் கீழ் நோக்கித் திரும்புது. அந்த இடம் கட்டையில முட்டி பல் சிக்கினா, செயினால மரத்தை அறுக்க முடியாது, அந்த விசை பாரையே மேல தூக்கி உங்க பக்கம் வீசும். அதுதான் கிக்பேக்.

'எகிறினா உடனே கையை எடுத்துடுவேன்'னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க. நான் சொன்ன அந்த மினி மாடல்ல செயின் வேகம் விநாடிக்கு 8 மீட்டர். மனுஷன் சுதாரிக்க குறைஞ்சது 0.2 விநாடி ஆகும். அதுக்குள்ள 1.6 மீட்டர் செயின் ஓடியிருக்கும். 4 அங்குல பார்ல மொத்தச் செயினே சுமார் 36 சென்டிமீட்டர்தான். நீங்க யோசிக்கிறதுக்குள்ள முழுச் செயினும் நாலு தடவைக்கு மேல சுத்தி முடிச்சிருக்கும்.

அதனால விதி சிம்பிள். மூக்கால குத்தி அறுக்காதீங்க. மூக்கு எங்க இருக்குன்னு எப்பவும் கண்ணுல படணும். உங்க முகமும் கழுத்தும் பார் போற கோட்டுக்கு நேரா இருக்கக்கூடாது, ஒரு பக்கமா தள்ளி நில்லுங்க. ரெண்டு கையும் மெஷின்லயே இருக்கணும். ஆரம்பத்துல சொன்ன ரீல்ஸ் ஞாபகம் இருக்கா? கிளையைப் பிடிச்சிருக்கிற அந்த இன்னொரு கை செயின்ல இருந்து ஒரு ஜாண் தூரத்துல இருக்கு. அதான் பிரச்சினை.

ஆன் பண்றதுக்கு முன்னாடி

பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் செயினைத் தொடணும். செயின் மாட்டும்போதும், சிக்கின தூளை எடுக்கும்போதும், டென்ஷன் பார்க்கும்போதும் பேட்டரி தனியா தரையில இருக்கணும். எந்தச் சூழ்நிலையிலயும் இதுக்கு விலக்கு கிடையாது.

செயினோட திசையைப் பாருங்க. பாரோட மேல்பக்கத்துல பல்லோட கூர் மூக்கை நோக்கி இருக்கணும். தலைகீழா மாட்டினா அறுக்காது, புகைதான் வரும். டென்ஷனைப் பார்க்க, பாரோட நடுவுல செயினை லேசா இழுங்க. கொஞ்சம் எழும்பணும், ஆனா அடிப்பல் பள்ளத்தை விட்டு முழுசா வெளிய வரக்கூடாது. கிளவ்ஸ் போட்ட கையால தள்ளினா தடையில்லாம நகரணும். பார் ஆயில் விடுங்க. சின்ன மாடல்கள்ல பெரும்பாலும் கையாலதான் விடணும். பைக்ல இருந்து வடிச்ச பழைய ஆயில் வேண்டாம்.

உடம்புக்கு: கண்ணாடி, கெட்டியான ஃபுல் பேன்ட், ஷூ, கையோட ஒட்டின கிளவ்ஸ். வேட்டி, லுங்கி, துண்டு, துப்பட்டா, செருப்பு எதுவும் கிட்ட வரக்கூடாது. நீளமான முடியைக் கட்டிக்கோங்க. குழந்தைங்களும் நாயும் வீட்டுக்குள்ள.

அறுக்கும்போது

கட்டை எந்தப் பக்கம் இழுபட்டிருக்கு, எந்தப் பக்கம் அழுத்தப்பட்டிருக்குன்னு முதல்ல பாருங்க. ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்துல இருந்தா மேல்பக்கம் இழுபட்டிருக்கு, கீழ்பக்கம் அழுந்தியிருக்கு. கீழ இருந்து மூணுல ஒரு பங்கு அறுத்துட்டு, அப்புறம் மேல இருந்து முடிங்க. ரெண்டு முனையும் தாங்கி நடுவுல தொங்கினா இதுக்கு நேர் எதிர், முதல்ல மேல இருந்து, பிறகு கீழ இருந்து. மாத்திப் பண்ணினா வெட்டுவாய் மூடிக்கிட்டு பாரைக் கவ்விக்கும்.

மரத்துல இருக்கிற கிளையை மூணு வெட்டுல எடுங்க. அடிமரத்துல இருந்து ஒரு அடி தள்ளி, கீழ இருந்து ஒரு சின்ன வெட்டு. அதுக்குக் கொஞ்சம் வெளியே தள்ளி, மேல இருந்து முழு வெட்டு. கிளை விழுந்ததும், மிச்சமிருக்கிற குச்சியை அடிமரத்தை ஒட்டியிருக்கிற புடைப்புக்கு வெளியே அறுத்துடுங்க. நேரா மேல இருந்தே அறுத்தா, கிளை பாதியில முறிஞ்சு பட்டையையும் உரிச்சுக்கிட்டு விழும். மரத்துக்கும் காயம், கீழ நிக்கிறவங்களுக்கும் ஆபத்து.

ஏணி மேல நின்னு அறுக்காதீங்க. தோளுக்கு மேல மெஷினைத் தூக்காதீங்க. மாடியிலயோ மரத்துலயோ ஏறி அறுக்கிறது வேண்டவே வேண்டாம். எட்டாத கிளைக்கு, தொரட்டி மாதிரி நீளக் கம்புல வர்ற கவாத்து ரம்பம் இருக்கு, தரையில நின்னே அறுக்கலாம்.

புயல் முடிஞ்சதும் இன்னொரு விஷயம். விழுந்த மரத்துக்குள்ள மின்கம்பி சிக்கியிருக்கலாம். 'கரன்ட்தான் இல்லையே'னு நினைக்காதீங்க, எப்ப வேணா லைன் வரலாம், பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்ல இருந்தும் வரலாம். கம்பி தெரிஞ்சா விலகி நின்னு மின்னகத்தோட 94987 94987-க்குச் சொல்லுங்க. சென்னையில தெருவுல விழுந்த மரத்துக்கு மாநகராட்சியோட 1913. வளைஞ்சு மாட்டியிருக்கிற கிளை, வில் மாதிரி விசையைச் சேர்த்து வெச்சிருக்கும். அதை நீங்க அறுக்காதீங்க.

மழுங்கின செயின்

கூர்மையான செயின் சின்னச் சின்ன சில்லா தள்ளும். மாவு மாதிரி தூள் வந்தா மழுங்கிடுச்சுன்னு அர்த்தம். அப்போ மெஷினை அழுத்த ஆரம்பிப்போம். அழுத்தும்போது கட்டை அறுந்ததும் கை தடுமாறி முன்னால போகும். பல காயங்கள் அங்கதான் ஆரம்பிக்குது. மேனுவல்ல போட்டிருக்கிற சைஸ்ல ஒரு வட்ட அரம் வாங்கி, எல்லாப் பல்லையும் ஒரே கோணத்துல, ஒரே எண்ணிக்கையில தேய்ங்க. முடியலைன்னா புதுச் செயின் மாத்துங்க.

அவ்வளவும் பண்ணியும் வெட்டு விழுந்துட்டா, சுத்தமான துணியை வெச்சு நேரா, பலமா அழுத்திப் பிடிங்க. எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. 108-க்கு போன் பண்ணுங்க. இதனாலதான் தனியா இருக்கும்போது இந்த மெஷினை எடுக்கவே கூடாது.

சரி, அப்பாவுக்குப் போன் போடும்போது இவ்வளவும் சொல்ல வேண்டாம். அஞ்சே விஷயம் சொல்லுங்க. "ரெண்டு கையாலயும் பிடிங்கப்பா. பேட்டரியைக் கழட்டாம செயினைத் தொடாதீங்க. மூக்கால குத்தாதீங்க. ஏணி வேண்டாம். ஷூ போட்டுக்கோங்க, அம்மா பக்கத்துல இருக்கும்போது மட்டும் எடுங்க." முடிஞ்சா முதல் தடவை நீங்க ஊருக்குப் போறப்போ, காய்ஞ்ச கட்டை ஒண்ணைத் தரையில வெச்சு ரெண்டு பேரும் சேர்ந்து அறுத்துப் பாருங்க. பெட்டியை அதுவரைக்கும் பிரிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். விரல் பத்திரம்!