உங்களுக்குத் தெரியுமா? பிஸ்டன் இல்லாத ஸ்போர்ட்ஸ் கார்

ஜப்பானின் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் 1.3 லிட்டர் ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனே கிடையாது. முக்கோண ரோட்டர்கள் இரண்டு சுழல்கின்றன. அவற்றின் முனைகளில் உள்ள சீல்கள் தேய்ந்தால் கம்ப்ரெஷன் இறங்கும். ஓடிச் சூடான வண்டியை நிறுத்தி உடனே கிளப்பும்போது முரண்டு பிடிப்பது அதன் வழக்கமான அடையாளம். எனவே செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர், விற்பவர் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிக் காட்டுவதில் மயங்கிவிடக் கூடாது. சாதாரண கம்ப்ரெஷன் கேஜும் உதவாது: ரோட்டரின் மூன்று முகங்களில் நன்றாக இருக்கும் ஒன்றின் அளவை மட்டுமே அது காட்டும். மூன்றையும் தனித்தனியே அளக்கும் கருவி தேவை. ஆயில் குறைகிறதே என்று மட்டும் பதற வேண்டாம். சீல்கள் உராய்ந்து தேயாமலிருக்க எஞ்சினே கொஞ்சம் ஆயிலை உள்ளே செலுத்தி எரிக்கிறது. இக்னிஷன் காயில் போன்ற பாகம் போனால் அதை மட்டும் மாற்றிவிடலாம். ஆனால் சீல் போனால் எஞ்சினையே பிரித்துக் கட்ட வேண்டும்.