மண்ணுக்குள் ஒரு மருந்துச்சாலை

வெயிலிற் காய்ந்து கிடக்கும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீட்டு முற்றங்களில் முதல் மழைத்துளி விழுந்ததும் எழுகின்ற மண்வாசனையை நம்மில் அறியாதார் யார்? அவ்வாசனையிற் பெரும்பகுதி மண்ணுக்குரியதன்று. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசீஸ் என்னும் பற்றீரிய இனத்துக்குரியது. காசநோயைத் தீர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை 1943ஆம் ஆண்டில் நமக்கு ஈந்ததும் அவ்வினமே. அதனை அமெரிக்காவில் முதன்முதற் பிரித்தெடுத்தவர் அல்பேட் ஷாட்ஸ் என்னும் மாணவர். 1952இல் நோபெல் பரிசு கிடைத்ததோ அவருடைய ஆசிரியர் வாக்ஸ்மன் ஒருவருக்கே!

இத்தேடலில் நமது அயலவர் ஒருவருக்கும் பங்குண்டு. ஆந்திர நாட்டிற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சித் தலைவராக விளங்கினார். அங்கே, எழுபது வயதைக் கடந்த பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலாளர், பல இடங்களிலிருந்தும் மண்ணை வரவழைத்துச் சோதித்தார். சிறிதளவு மண்ணை நீரிற் கரைத்துக் கடற்பாசிக் கூழின்மீது பரப்புவர். முளைத்துவரும் பற்றீரியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நோய்க்கிருமிகளின் நடுவே வைப்பர். எதனைச் சுற்றிக் கிருமிகள் மடிந்து தெளிந்த வளையம் தோன்றுகிறதோ, அதுவே மேலும் ஆராயத் தக்கது. ஆயிரக்கணக்கிற் சோதித்தாலும் பெரும்பாலானவை பயன்படா; சில நோயாளியையே நஞ்சூட்டிவிடும்.

1945இல், டக்கர் முன்னர் பணிபுரிந்த மிசூரிப் பல்கலைக்கழகத்தின் சன்போர்ன் வயலிலிருந்து வந்த மண்ணிலே பொன்னிறமான ஒன்று முளைத்தது. அதிலிருந்து பெற்ற மருந்து, நிறம்பற்றியே ஓரியோமைசின் எனப் பெயர் பெற்று, 1948இல் வெளியாயிற்று. டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சுப்பாராவ் தமது 53ஆவது வயதிற் காலமானார்.

இன்றோ பல கிருமிகள் பழைய மருந்துகளுக்கு அஞ்சுவதில்லை. முன்பொருமுறை மிஞ்சிய மாத்திரைகளை அலுமாரியில் வைத்திருந்து, அடுத்த தடிமனுக்கு நாமே விழுங்குகின்றோமே, அதுவும் இதற்கொரு காரணம். தடிமனை உண்டாக்கும் வைரசுகளை இம்மருந்துகள் தீண்டுவதேயில்லை. உடலிலுள்ள பற்றீரியங்களே அவற்றுக்குப் பழகிக்கொள்கின்றன.

ஆதலால் மண்ணைத் தேடும் பணி ஓயவில்லை. மண்ணிலுள்ள பற்றீரியங்களில் மிகப் பெரும்பாலானவை ஆய்வுகூடக் கூழில் வளர மறுப்பன. அவற்றை நுண்துளை அறைகளில் அடைத்து, மீண்டும் மண்ணிலேயே புதைத்து வளர்க்கும் உபாயத்தை அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். அவ்வழியாக, மெயின் மாநிலத்துப் புல்வெளி மண்ணிலிருந்து பெற்ற டெய்க்ஸோபக்டின் என்னும் புதுப்பொருளை 2015இல் உலகுக்கு அறிவித்தனர்.