வீடு மாறினால் படிப்பு நிற்கலாமா?

சிவில் மாணவர்களுக்கு சர்வே பிராக்டிகலில் ஒரு விஷயம் அடிக்கடி சொல்லுவாங்க. டம்பி லெவலைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கும்போது, சேஞ்ச் பாயிண்டில் ஸ்டாஃப் பிடிப்பவன் அசையக் கூடாது. அவன் அசைந்தால் பிறகு வரும் லெவல் அத்தனையும் தப்பு. அடிக்கடி வீடு மாறும் பிள்ளைக்கும் இதே கதைதான். எல்லாம் மாறும்போது ஏதாவது ஒன்று அசையாமல் நிற்க வேண்டும்.

எங்க அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறார். வேலை கிடைக்கிற ஊருக்குக் குடும்பமே போகும். திருவானைக்காவலில் இப்போது இருப்பது எனக்கு நினைவு தெரிந்து ஒன்பதாவது வீடு. ஒவ்வொரு தடவையும் சாமான் கட்டும் முன்னால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வரும். என் படிப்புப் பேச்சும் அதில் அடிபடும். 'நான் இல்லேன்னா சண்டையே இருக்காது' என்று நினைத்துக்கொள்வேன். அது தப்பு என்று எட்டு வயசில் எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

நாலாவது படிக்கும்போது வாடகை பாக்கியால் ராத்திரியோடு ராத்திரியாக ஊர் மாறினோம். புது ஊர்ப் பள்ளியில், "டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது" என்றார்கள். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அம்மா பேசாமல் திரும்பிவிட்டார். எனக்கு ஒரு வருஷம் போயிற்று.

ஆனால் சட்டம் அப்போதே இருந்தது! 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 5-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: 6 முதல் 14 வயதுப் பிள்ளை எந்தக் காரணத்துக்காக இடம் மாறினாலும் வேறு அரசுப் பள்ளிக்கோ, அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறலாம். பழைய பள்ளி உடனே டி.சி. தர வேண்டும். அது வரத் தாமதமானாலும், அதைக் காட்டி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது 4-ஆவது பிரிவு.

இடம் மாறிய பிள்ளை பள்ளிக்குப் போக அடம்பிடித்தால் சோம்பேறி என்று திட்டாதீர்கள். கணித மேதை ராமானுஜன் சின்ன வயதில் கும்பகோணம், காஞ்சிபுரம், சென்னை என்று மாறி மாறி வளர்ந்தவர். சென்னைப் பள்ளி பிடிக்காமல் போக மறுத்தபோது, வீட்டார் ஒரு போலீஸ்காரரை வைத்து அனுப்பப் பார்த்தார்கள். கும்பகோணம் திரும்பியவர், 1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார்.

வீட்டுச் சண்டை கைகலப்பு வரை போனால் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இரண்டுமே இலவசம். சட்ட உதவி வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக உதவுவார்கள்.

இந்த ஜூனில் துவாக்குடியிலிருந்து இங்கே வந்தோம். அப்பாவும் அம்மாவும் இன்னும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அதனால் தம்பிக்கு டி.சி. வாங்கி, ஏழாம் வகுப்பில் சேர்த்தது நானே. வரும் வழியில், "இந்தச் சண்டை உன்னால இல்லடா" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

நண்பர்களே, உங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த வீட்டில் பள்ளி போகாத பிள்ளை இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளி வரை கூடப் போங்கள். ஸ்டாஃப் பிடிக்க ஒரு ஆள் போதும்!