ஒகாட்சுவின் கறுப்புக் கல்

ஜப்பானின் மியாகி மாநிலத்தில், மலை நெருக்கும் ஒரு விரிகுடாவின் ஓரத்தில் இருக்கிறது ஒகாட்சு. 1941 வரை இதன் பெயர் ஜூகோஹாமா, அதாவது ‘பதினைந்து கடற்கரைகள்’. பிறகு ஒகாட்சு என்ற பெயரோடு நகராட்சியானது. 2005 ஏப்ரல் 1 அன்று, வேறு ஐந்து சிற்றூர்களோடு சேர்ந்து இஷினொமாகி நகருக்குள் கரைந்தது. முகவரியில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஊரின் சொத்து கல். தூரிகை எழுத்துக்கு மை அரைக்கும் ‘சுசுரி’ என்ற கறுப்புக் கல்லை இங்கே அறுநூறு ஆண்டுகளாகச் செதுக்குகிறார்கள். ஒரு காலத்தில் ஜப்பானில் விற்ற மைக்கற்களில் பெரும்பங்கு இங்கிருந்து போனதுதான். அதே கல்லை மெல்லிய தகடாகப் பிளந்தால் கூரைக்கு ஆகும். 1914-ல் கட்டிய டோக்கியோ ஸ்டேஷனின் கூரைக்கும் அது போனது.

ஊர் இணைந்து ஆறே ஆண்டில் சுனாமி வந்தது. சுமார் 4,300 பேர் இருந்த ஊரில் வீடுகள் பெரும்பாலும் போயின. கடலோர மருத்துவமனையில் படுத்திருந்த 40 நோயாளிகளும் இறந்தார்கள். டோக்கியோ ஸ்டேஷன் புதுப்பிப்புக்காக இஷினொமாகியில் வைத்திருந்த கூரைக்கற்களும் அலையில் சிதறின. சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கழுவி, தேறியதை டோக்கியோவுக்கு அனுப்பினார்கள். 2012-ல் முடிந்த புதுப்பிப்பில் அவை கூரை ஏறின.

கல் திரும்பிவிட்டது. மனிதர்கள்? தாழ்நிலத்தில் வீடு கட்டத் தடை, குடியிருப்பு மேட்டுக்கு, கரையில் சுமார் பத்து மீட்டர் உயரச் சுவர் என்று முடிவானது. மேட்டில் மனை வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் வெளியூர்களில் வேரூன்றிவிட்டார்கள். இன்று அங்கே வசிப்பவர்கள் பழைய கணக்கில் கால்வாசிதான்.

குறைந்துவரும் மக்கள்தொகையோடு சிற்றூர் நகரோடு இணையாமல் தனியாகத் தாக்குப்பிடித்திருக்காது என்பவர்களும் உண்டு. பணக்கணக்கில் அது சரியாக இருக்கலாம். என் கவலை வேறு. தன் கடலுக்கு முன்னால் சுவர் வேண்டுமா, மேட்டுக்குப் போவதா, எத்தனை ஆண்டு காத்திருப்பது என்ற கேள்விகள் எழுந்தபோது, அந்த ஊருக்கென்று ஒரு மன்றமும் இல்லை, ஒரு தலைவரும் இல்லை. பெரிய நகரின் பல வட்டாரங்களில் ஒன்றாக நின்றுதான் அது பேச வேண்டியிருந்தது. இத்தகைய இணைப்புகளால், 1999-ல் 3,200-க்கு மேல் இருந்த ஜப்பானிய உள்ளாட்சிகள் 2010-க்குள் ஏறக்குறைய பாதியாகின. அப்படி வாயிழந்த ஊர்கள் எத்தனை!

டோக்கியோவுக்குப் போகிறவர்கள் ஸ்டேஷன் வாசலில் ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள். அந்தக் கறுப்புக் கூரையில் ஒரு பகுதி ஒகாட்சுவின் கல்.