வேலியும் பொட்டும்: ஒரு நனோக் கம்பியின் கதை

மீகடத்திகளைப் பற்றி உயர்தரப் பௌதிகவியலில் நாம் படிப்பது சில வரிகள்தான். 1911 இல் ஒல்லாந்தில் கமர்லிங் ஒனஸ் இரசத்தைக் குளிரவைத்துக்கொண்டு போனபோது, 4.2 கெல்வினில் அதன் மின்தடை திடீரென இல்லாமற் போனது. அதற்கு அப்பால் தேடியபோது எனக்குக் கிடைத்த கதை இது. பெற்றோரும் வாசிக்கும் இதழ் என்பதால் சமன்பாடுகளை விட்டுவிடுகிறேன்.

மீகடத்தியில் இலத்திரன்கள் சோடி சோடியாகச் செல்கின்றன. ஒரு சோடியைப் பிரிக்கக் குறிப்பிட்ட அளவு சக்தி வேண்டும். அதற்குக் குறைந்த சக்தியோடு தனி இலத்திரன் அங்கே இருக்கவே முடியாது. இந்தச் சக்தித் தடையை எங்கள் ஊர் வேலி என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மீகடத்தியின் வேலி பதிவானது. ஆனால் எல்லாப் பக்கமும் அடைப்பு.

1986 இல் பெட்னோர்ஸ், முல்லர் இருவரும் புதுவகை மீகடத்திகளைச் செப்பு ஒட்சைட்டுகளில் கண்டனர். அடுத்த ஆண்டே 93 கெல்வினில் இயங்கும் ஒன்று கிடைத்தது. திரவ நைதரசனே அதைக் குளிர்விக்கப் போதும். இவற்றின் வேலி உயரமானது. ஆனால் நான்கு திசைகளில் பொட்டு இருக்கிறது. நாய் நுழைகிற அதே பொட்டுத்தான்! இவற்றில் சோடிகள் எப்படி உருவாகின்றன என்பதற்கு 1987 இல் பிலிப் அண்டர்சனுடன் சேர்ந்து ஒரு கோட்பாட்டை வளர்த்தவர்களுள், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நீண்டகாலம் பணியாற்றிய கணபதி பாஸ்கரனும் ஒருவர். இந்தக் கேள்வியில் அறிஞர்களிடையே இன்னும் முழு உடன்பாடு இல்லை.

இனிக் கம்பிக்கு வருவோம். தனக்குத் தானே எதிர்த்துணிக்கையாக இருக்கும் ஒரு துணிக்கையை இத்தாலியரான எற்றோரே மயோரானா 1937 இல் கணக்கில் கண்டார். அடுத்த ஆண்டு கப்பற்பயணமொன்றின்போது அவரே காணாமற் போனார். அதைப் போன்ற ஒரு நிலை மெல்லிய மீகடத்திக் கம்பியின் இரு முனைகளிலும் தோன்றலாம் என 2001 இல் அலெக்சி கிற்றாயெவ் காட்டினார். ஒரு நோட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை யாழ்ப்பாணத்திலும் மறுபாதியை ஊர்காவற்றுறையிலும் வைத்தால், ஒரு பாதியைத் திருடியவனால் எதையும் வாங்க முடியாதல்லவா? அதுபோல ஒரு முனையில் ஏற்படும் சிறு குழப்பம் அங்கே சேமித்த தகவலை இலகுவில் அழிக்காது. குவாண்டம் கணினி செய்வோர் இதைத் தேடுவது அதனாற்றான்.

கிற்றாயெவ் கேட்டது இயற்கையில் இலேசில் கிடைக்காத வகை மீகடத்தி. 2010 இல் இந்தியாவிற் பிறந்த சங்கர் தாஸ் சர்மாவின் குழுவும் இன்னொரு குழுவும் குறுக்குவழி ஒன்றைச் சொன்னன: குறைகடத்தி நனோக் கம்பியைச் சாதாரண மீகடத்தியோடு ஒட்டி, காந்தப்புலத்தில் வையுங்கள்.

அப்படியானால் உயர்ந்த வேலியுள்ள செப்பு ஒட்சைட்டின்மேல் வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று எனக்கும் தோன்றியது. சிக்கல் பொட்டில் இருக்கிறது. அதன் வழியே கம்பியின் முனைநிலை மீகடத்திக்குள் கசியக்கூடும். பதிவான வேலியே காவலுக்கு உகந்ததாகிறது. விலை, கெல்வினில் நூறிலொரு பங்கு அளவான கடுங்குளிர்.

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் டெல்ஃப்ட் என்று பெயரிட்டார்களே, அந்தப் பெயருக்குரிய ஒல்லாந்து நகரிற்றான் 2012 இல் லியோ கௌவன்ஹோவன் குழு ஏறத்தாழ 100 நனோமீற்றர் விட்டமுள்ள கம்பியில் எதிர்பார்த்த உச்சத்தை வரைபிற் கண்டது. 2018 இல் அந்த உச்சம் கோட்பாடு சொல்லும் சரியான பெறுமானத்தையே தொட்டதாக டெல்ஃப்ட் குழு அறிவித்தது. முன்பு அங்கே பணியாற்றிய செர்கெய் ஃபுரொலொவ், வின்சென்ற் மௌறிக் இருவரும் முழுத் தரவையும் கேட்டு வாங்கிப் பார்த்தனர். விடப்பட்ட தரவையும் சேர்த்து வரைந்தால் அந்த உறுதி நிற்கவில்லை. 2021 இல் கட்டுரை மீளப்பெறப்பட்டது. வேண்டுமென்று செய்த மோசடிக்குச் சான்றில்லை, ஆர்வ மேலீடுதான் என்றது சுயாதீன நிபுணர் குழு. நேர்கோட்டுக்கு வெளியே விழும் புள்ளியை அழிக்காதீர்கள், வட்டமிட்டுக் காட்டுங்கள் என்று எமது ஆசிரியை செய்முறை வகுப்பில் ஓயாமல் சொல்வது நினைவுக்கு வந்தது.

கம்பியிலுள்ள சாதாரணக் குறைபாடுகளும் அதே உச்சத்தைத் தரும் என்பது இப்போது தெரியும். 2025 பெப்ரவரியில் மைக்ரோசொஃப்ட் 'மயோரானா 1' என்ற சில்லை அறிமுகப்படுத்தியது. அதனோடு வெளிவந்த கட்டுரையின் அளவீடுகள் மயோரானா நிலைக்குச் சான்றாகா என்று மதிப்பாய்வுக் கோப்பிலேயே குறிக்கப்பட்டிருந்தது. விவாதம் தொடர்கிறது.